பால்வெளியில் பங்காளிச் சண்டை

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்னவாசலுக்குத் தெற்கே இருந்த கிணறு இருவருக்கும் பொது. மோட்டாரும் பொது. வாரத்தில் மூன்று நாள் அவருக்குத் தண்ணீர், மூன்று நாள் எங்களுக்கு. ஏழாவது நாள் யாருக்கு என்பதைப் பாகம் பிரித்த பெரிய மனிதர்கள் எழுத மறந்துவிட்டார்கள். அதற்காக இரண்டு வீட்டிலும் நல்லது கெட்டது எல்லாம் நின்றுபோனது.

இந்த லட்சணத்தில் பெரியப்பா மகனும் நானும் விண்வெளியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது நாங்கள் இருவரும் டிகிரி முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போடுவதையே வேலையாக வைத்திருந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில்தான் அந்த விளையாட்டு இருந்தது. ஓடுவது, சுடுவது எல்லாம் கிடையாது. ஆளுக்கொரு கிரகத்தில் தொடங்கி, ஜனங்களைக் குடியேற்றி, கப்பல் கட்டி, ஒவ்வொரு நட்சத்திரமாகப் பிடிக்க வேண்டும். ஒருவர் தன் முறையை முடித்தால்தான் அடுத்தவர் தொட முடியும். எத்தனை நாளானாலும் அது காத்திருக்கும். ராகுகாலம் முடியட்டும் என்று படையெடுப்பைத் தள்ளிவைத்தால்கூட முணுமுணுக்காது. அவ்வளவு பொறுமையான ஒன்றை நான் எங்கள் வம்சத்தில் பார்த்ததில்லை.

சேர்ந்து உட்கார்ந்தால் ஊர் பார்த்துவிடும், இரண்டு வீட்டிலும் விளக்குமாறு எடுப்பார்கள். எனவே திங்கள், புதன், வெள்ளி அண்ணன் வந்து தன் முறையை ஆடிவிட்டுப் போவான். செவ்வாய், வியாழன், சனி நான். ஞாயிறு சென்டருக்கு விடுமுறை. அதனால் பால்வெளியில் ஏழாவது நாள் தகராறே வரவில்லை.

கிரகங்களுக்கு இஷ்டப்படி பெயர் வைக்கலாம், பன்னிரண்டு எழுத்துக்குள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். அதுதான் எங்கள் தபால். ‘காய்ச்சலா’ என்று அவன் ஒரு கிரகத்துக்குப் பெயர் வைத்தால், மறுநாள் என் கிரகம் ஒன்று ‘சரியாச்சு’ என்று பெயர் மாறும். இன்டர்வியூவில் தோற்றுவிட்டதாக அவன் எழுதிய வாரம், எல்லையில் இருந்த என் கிரகம் ஒன்றை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். கிணற்றில் ஒரு வாளி விட்டுக்கொடுக்காத குடும்பத்தில் பிறந்தவன் நான்.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகை ஊரெல்லாம் போனது, எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, விளையாட்டைத் திறந்தால் அவன் தலைநகரின் பெயர் ‘கல்யாணம் வா’.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பங்காளியை அழைப்பதென்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, நாலு பெரியவர்கள் படியேறி வர வேண்டும். கிரகத்துக்குப் பெயர் வைத்தால் அது அழைப்பா? என் கிரகத்துக்கு ‘தட்டு எங்கே’ என்று பெயர் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அவன் பதில் வைத்திருந்தான்: ‘அப்பா விடல’. அப்பா விடாவிட்டால் மகனுக்குக் கால் இல்லையா? செவ்வாய்க்கிழமை என் மொத்தக் கப்பற்படையையும் திருப்பி அவன் தலைநகர்மேல் குண்டு போட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை கல்யாணம். சென்டர்க்காரரும் அங்கே போய்விட்டதால் கடை பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமை போனேன்.

“வாங்க தம்பி,” என்றவர் குரலை இறக்கினார். “புதன்கெழம ஒங்க அண்ணன் வந்துச்சு. நலுங்கு வச்ச மஞ்ச மொகத்தோட. மாப்புள்ள இப்புடி வெளிய வரலாமான்னு சத்தம் போட்டேன். ‘இன்னிக்கு என் முறைண்ணே, ரெண்டு நிமிசம்’னு உக்காந்துட்டுப் போச்சு.”

திரையில் பார்த்தேன். அவன் ஒரு கப்பலைக்கூட நகர்த்தவில்லை. என் குண்டுக்குத் தப்பிய ஒரு சின்னக் கிரகத்தின் பெயரை மட்டும் மாற்றியிருந்தான்: ‘தோழன் நீ’. மாப்பிள்ளைத் தோழனாக மணவறையில் அவன் பக்கத்தில் உட்கார வேண்டியவன் நான்.

“தோழனா யாருண்ணே உக்காந்தா?” என்று கேட்டேன்.

“தாலி எடுத்துக் குடுக்குற வரைக்கும் பக்கத்து எடத்த யாருக்கும் விடல தம்பி. ‘தம்பி வந்துருவான், வந்துருவான்’னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. கடைசியில மைக்செட்டுக்காரரப் புடிச்சு உக்கார வச்சாங்க.”

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வேலை கிடைக்காத வருத்தம் என்று நினைத்து சென்டர்க்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அதே விளையாட்டு போனிலேயே வந்துவிட்டது. அண்ணன் வளைகுடாவிலிருந்து ஆடுகிறான், நான் இங்கிருந்து. குண்டு போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவனும் சிரித்துவிட்டான். ஒன்றை மட்டும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை விடிகாலையிலேயே நான் குளித்து, புது வேட்டி கட்டி, கடைசி நேரத்திலாவது தாம்பாளம் வந்துவிடும் என்று கெட்டிமேளச் சத்தம் கேட்கும்வரை தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.