கம்பனி நின்ற ஞாயிறு

அது இரண்டாயிரத்தோராம் ஆண்டின் தொடக்கம். தைப்பொங்கலுக்கு லீவில் வந்த மாமா இன்னும் கட்டாருக்குத் திரும்பியிருக்கவில்லை. ஆகவே மாசி பிறந்த கையோடு நடந்தது என்று துணிந்து எழுதலாம்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவர் கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி, கல்லடியில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் குடியேறியிருந்தது. பொங்கலிலிருந்து தினமும் அவரோடு கார்ப் பந்தயம் ஓட்டினேன், ஒருமுறைகூட வெல்லவில்லை. பத்து வயதுக்காரிக்கு விட்டுக்கொடுக்கலாமே என்ற எண்ணமே மாமாவுக்கு வந்ததில்லை.

ஒருநாள் காலை அவர் பத்திரிகையில் ஒரு சிறு செய்தியை வாசித்துக் காட்டினார். அந்தப் பெட்டியைச் செய்யும் ஜப்பான் கம்பனி இனிப் பெட்டி செய்யாதாம். மற்றக் கம்பனிகளின் பெட்டிகளுக்குக் கேம் மட்டும் செய்து கொடுக்குமாம்.

கம்பனி நின்றால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கை முனையில் ஐஸ் கம்பனி மூடப்பட்ட பிறகு, மீன்காரரின் ஐஸ்பெட்டியில் எங்கள் கோழி முட்டையிட்டது.

"அப்ப நம்மட பெட்டியும் நிண்டுருமா மாமா?"

மாமா சிரிக்கவேயில்லை. "ஓம் மருமகள். வாற ஞாயிறோட சரி."

திங்கட்கிழமை மாமாவும் புறப்படுகிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாமா போனால் வருவார். பெட்டி நின்றால் நின்றதுதான். அதற்குள் ஒருமுறையாவது அவரை வென்றாக வேண்டும்.

ஞாயிறு வந்தது. சித்தாண்டியிலிருந்து பெரியம்மா குடும்பம் தயிர்ச் சட்டியோடு வந்திறங்கியது. அம்மா இறால் பொரித்தார். ஒரு பெட்டிக்கு இவ்வளவு பெரிய வழியனுப்பா என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னேரம் கடைசிப் பந்தயத்துக்கு உட்கார்ந்தபோது, அதுவரை அந்தப் பெட்டியைத் திட்டி மட்டுமே வந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அரக்கி இரு புள்ள. நானும் ஒருக்கா ஓடிப் பாக்கன்."

நான் நகர்ந்து, கையிலிருந்த கன்ட்ரோலரை அம்மாவிடம் கொடுத்தேன்.

"அக்கா, அது அம்மிக் குழவியில்ல. மெல்லப் பிடி."

"நீ உன்ட ரோட்டப் பாத்து ஓடுடா!"

அம்மாவின் கார் சுவரில் மோதியது, திரும்பியது, வந்த வழியே ஓடியது. பெரியம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமாவோ எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் தன் காரை நிறுத்திவிட்டு, "வா அக்கா, வா. நான் நிக்கன்" என்றார். அம்மா வென்றார். வீடே கைதட்டியது.

எனக்காக ஒருநாளும் பிரேக் பிடிக்காத மனிதர்! அம்மாவும் விடவில்லை. "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று விளக்கு வைக்கும்வரை அவர்கள் இருவரும்தான் ஓட்டினார்கள். என் முறை வரவேயில்லை.

மறுநாள் மாமாவைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து சுவிட்சைப் போட்டேன். பெட்டி வேலை செய்தது! இருவர் பந்தயத்தையே தெரிவுசெய்தேன். மாமாவின் கார் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. நான் ஓட்டி முடித்தேன்.

"அம்மா, பெட்டி நிக்கல்ல! மாமாவ நான் வெண்டுட்டன்!"

வாசலில் நின்ற அம்மா, திரையில் அசையாமல் நின்ற அந்தக் காரையே பார்த்தார். சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தம்பி தோற்றது அவருக்கு அவ்வளவு வருத்தமென்று எண்ணி, நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதங்கம்மா. அடுத்தமுறை மாமாவ வெல்ல விடுறன்."