கனகசபாபதி மிச்சம் பிடித்த அறுபது எம்.பி.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருகிற கனகசபாபதியை, அவர் மனைவி நாகேஸ்வரி ஊரெல்லாம் "கொன்சல்டன்ட்" என்று சொல்லி வைத்திருந்தாள். லண்டன் தங்கைக்கும் சொன்னாள், மேல்மாடிக்காரருக்கும் சொன்னாள், மீன் கொண்டுவருகிறவனுக்குக்கூடச் சொன்னாள். உண்மையில் மனிதர் ஐம்பத்தைந்து வயதில் மூன்று மாத ப்ரொபேஷனில் இருந்தார். அதில் இரண்டரை மாதம் ஓடிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவரை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு சொல்ல வேண்டியவள் சுபோதினி. கொம்பனியின் சொந்தக்காரி, வயது இருபத்தொன்பது, அவரை "அங்கிள்" என்று கூப்பிடுவாள். அங்கிள் என்று கூப்பிடுகிறவளிடம் வேலைக்குக் கெஞ்சுவது எவ்வளவு சங்கடம் என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல வேண்டும்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் ஒஃபிஸ். நோர்வேயிலிருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதுகிறவர்கள் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் ஒஃபிஸில், மிச்சப்பேர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தங்கள் வீட்டு மேசைகளில். எல்லோருடைய லப்டொப்பும் கிழம். அதனால் ஸ்டோர் ரூமில் ஒரு பெரிய சேர்வரை வைத்து, அதற்குள் ஆளுக்கொரு அறை பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கே இருந்தாலும் அந்த அறைக்குள் போய் வேலை செய்யலாம். அறை வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விடுகிற புரோகிராமுக்குப் பெயர் எஸ்.எஸ்.எச். சேர்வர். இந்த அறைகளையும் வாசல்களையும் பராமரிப்பதுதான் கனகசபாபதியின் உத்தியோகம்.

பிரச்சினை என்னவென்றால், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடுகிற இடத்தில் ஒருவன் எப்படித் தன் கெட்டித்தனத்தைக் காட்டுவது? இருபத்தாறு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியின் கொம்பியூட்டர் பகுதியில் இருந்தவர். கேட்டால் "அந்தக் காலத்தில" என்று தொடங்கிவிடுவார், ஆனால் யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்கையில்தான் இணையத்தில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. வாசலில் நிற்கும் அந்தப் பெரிய புரோகிராமுக்குப் பதிலாக, மிகச் சின்னதாய், மெலிந்ததாய் ஒன்று இருக்கிறதாம். வேலை அதே வேலைதான், தீனி மட்டும் குறைவு.

மனிதர் அன்று சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். ஒரு வாசலில் ஐந்து எம்.பி. நினைவகம் மிச்சம், பன்னிரண்டு வாசலுக்கு அறுபது எம்.பி. அந்த சேர்வரின் நினைவகம் அறுபத்து நாலாயிரம் எம்.பி. என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு கல்யாண வீடியோவின் முதல் ஐந்து நிமிஷத்தைக்கூட அறுபது எம்.பி.க்குள் அடக்க முடியாது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை சுபோதினிக்கு முன்னால் வைக்க ஒரு சாதனை வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் கட்டிய சாரத்தோடு இருந்தபடியே பன்னிரண்டு வாசலிலும் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டார். தன்னுடைய அறைக்குள் போய்ப் பார்த்தார், திறந்தது. போகும்போது ஏதோ ஒரு கேள்வி கேட்டது, "ஓம்" என்று தட்டிவிட்டு உள்ளே போனார். அந்தக் கேள்வி என்னவென்று வாசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு திரையிலும் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தது. சேர்வரின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்கக்கூடும், கவனம். ஃபிளாட் வாசலில் வழக்கமாக நிற்கிற செக்கியூரிட்டியின் முகத்தை நாம் ஞாபகம் வைத்திருப்பதுபோல, ஒவ்வொரு லப்டொப்பும் பழைய வாசல்காரனின் அடையாளத்தை ஞாபகம் வைத்திருந்தது. ஆளை மாற்றினாலும் அந்த அடையாளத்தைப் புதியவனிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. கனகசபாபதி மறந்துபோனார்.

சுபோதினி ஓடிப்போய் சேர்வரின் நெட்வேர்க் வயரை இழுத்துக் கழற்றினாள். பதினொரு மணிக்கு நோர்வேக்காரருக்கு வேலையைக் காட்ட வேண்டும். அவளுடைய முகம் வெளிறிப் போயிருந்தது.

"அங்கிள், ஆரோ உள்ள பூந்திட்டாங்கள். நீங்கள்தான் பிடிக்கோணும். உங்களை விட்டால் எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை."

இரண்டரை மாதமாக அவர் கேட்க ஏங்கிய வசனம் அதுதான். அவர் ஸ்டோர் ரூமுக்குள் போய், பெரிய துப்பறிவாளர்போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சேர்வரின் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஞாயிறு பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு உள்ளே வந்தவரின் பெயர் கனகசபாபதி. வேறு ஒருவரும் இல்லை. கள்ளனைப் பிடிக்க அவருக்குச் சரியாக முப்பது செக்கன் எடுத்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் எழும்பினார். திரும்ப உட்கார்ந்துவிட்டார். பழையதன் பிரதி கையில் இருந்தது, திருப்பிப் போட்டுவிட்டு "கள்ளனைத் துரத்திட்டன் பிள்ளை" என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. வேலை நிரந்தரம், கொன்சல்டன்ட் என்று நாகேஸ்வரி சொன்னதும் பாதி உண்மையாகிவிடும். இந்த யோசனை வந்ததற்கு வெட்கப்பட வேண்டியவர், அதை எந்த வசனத்தில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே சுபோதினியின் குரல் கேட்டது.

"ரிம்ஸான், வெள்ளிக்கிழமை கடைசியாப் போனது நீங்கள்தானே? போன கிழமைதான் ரிசைன் பண்ணினீங்கள். உங்கட லப்டொப்பை ஒருக்காத் தாங்கோ."

கனகசபாபதி எட்டிப் பார்த்தார். ரிம்ஸான் மாளிகாவத்தைப் பையன், கட்டாரில் வேலை கிடைத்துப் போகப்போகிறவன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கோபிக்கவில்லை. லப்டொப்பை மூடி, இரண்டு கையாலும் நீட்டினான். பிறகு கேட்காமலே பையையும் திறந்து மேசையில் வைத்தான்.

அந்தப் பையைத் திறந்து வைத்த விதம் கனகசபாபதிக்கு நன்றாகத் தெரியும். அவரும் அப்படித்தான் வைத்தவர். தொண்ணூறுகளில், யுத்தம் நடந்தபோது, கொட்டாஞ்சேனை லொட்ஜில் இருந்த காலம், எங்கே குண்டு வெடித்தாலும் மற்றத் தமிழரோடு சந்தியில் வரிசையில் நின்று, கேட்க முதலே அடையாள அட்டையை நீட்டி, கேட்க முதலே பையைத் திறந்து காட்டியவர். ஒன்றும் செய்யாமலே இரண்டு தடவை பொலிஸில் ஒரு நாள் முழுக்க இருந்தவர். செய்யாததற்கெல்லாம் நின்ற மனிதர், உண்மையாகவே ஒன்றைச் செய்துவிட்டு இப்போது கதவுக்குப் பின்னால் நிற்கிறார். அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"பிள்ளை, அதைக் குடுத்திடுங்கோ," என்றபடி வெளியே வந்தார். "ஒருத்தரும் உள்ள பூரேல்லை. நான்தான். நேற்று வாசல் புரோகிராமை மாத்தினனான், பழைய அடையாளத்தைப் போட மறந்துபோனன்."

"ஏன் மாத்தினீங்கள்?"

"அறுபது எம்.பி. மிச்சம் பிடிக்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி, சுபோதினியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை. "அரை மணித்தியாலமா உள்ள இருந்தீங்கள் அங்கிள். எப்ப கண்டுபிடிச்சீங்கள்?"

"போன உடனே," என்றார். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

பத்தரைக்கு வாசல்கள் பழையபடி திறந்தன. பதினொரு மணிக் கூட்டம் பிழையில்லாமல் நடந்தது. முடிந்ததும் சுபோதினி ரிம்ஸானிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். கனகசபாபதியிடம் சேர்வரின் கடவுச்சொற்களை வாங்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை கதைப்பம்," என்று மட்டும் சொன்னாள். என்ன கதைப்பாள் என்று அவருக்கு விளங்கியது. நாகேஸ்வரிக்குத்தான் எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. அவள் எத்தனை பேரிடம் போய்த் திருத்திச் சொல்வாள், பாவம்.

மத்தியானம் கீழே தேத்தண்ணிக் கடையில் ரிம்ஸான் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏன் அங்கிள் சொன்னீங்க? சும்மா இருந்திருந்தா ஒருத்தருக்கும் வெளங்கியிருக்காதே."

"நீர் ஏனெண்டு கேக்காமல் குடுத்தனீர் தம்பி."

ரிம்ஸான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கேட்டா இன்னும் சந்தேகப்படுவாங்க அங்கிள்," என்றான்.

"ஓம்," என்றார் கனகசபாபதி. "எனக்குத் தெரியும்."