சூளையடிச் செம்பு

அத்தையின் செம்பு இப்போது என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. அவளுடைய கல்யாணச் சீர் அது. அதிலிருந்த தண்ணீரை ஒருநாள் மாமா மண்ணில் கொட்டினார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

முப்பதுகளில் ராஜபாளையத்தில் மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சிமெண்டெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், மற்றவர்களுக்குச் சுண்ணாம்புதான். ஆலங்குளம் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வரும் கல்லை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே மாமா சூளை வைத்துச் சுடுவார். வெந்த கல்லைத் தொட்டியில் போட்டு அத்தை தண்ணீர் ஊற்றுவாள். நெருப்பே இருக்காது, ஆனாலும் உலைபோலக் கொதித்துக் கல் வெடித்துப் பொடியாகும். பச்சைத் தண்ணீரும் வெந்த கல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் தினமும் கண்ணால் பார்த்தார்கள். வந்த வினையே அதுதான்.

அம்மாவும் நானும் சோறு கொண்டுபோன ஒரு மத்தியானம், தொட்டியிலிருந்து தெறித்த சுண்ணாம்பு அத்தையின் இடது கண்ணில் விழுந்தது. “தண்ணி! தண்ணி!” என்று அலறினாள். அம்மா செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாமா பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக் கீழே கவிழ்த்தார். “ஊத்தாத தங்கச்சி! தண்ணி பட்டா கொதிக்கும், கண்ணு வெந்துரும்!” என்று கத்தினார். விளக்கெண்ணெய் விட்டுத் துணியால் கட்டினார். மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடியபோது அழுதுகொண்டேதான் ஓடினார். கண் போய்விட்டது.

யுத்த காலத்தில் நான் மதுரையில் நர்சு வேலை பழகினேன். சுண்ணாம்பு பட்ட கண்ணோடு ஒரு கொத்தனார் வந்தபோது, டாக்டர் முதலில் கேட்டது தண்ணீரைத்தான். ஊற்றி ஊற்றிக் கழுவினார். தண்ணீர் தாராளமாக இருந்தால் சூடும் தணியும், சுண்ணாம்பையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்றார். கொத்தனார் பார்வையோடு வீட்டுக்குப் போனார். நான் மருந்து அறையில் நின்று அழுதேன்.

லீவில் வந்தபோது அத்தையிடம் மட்டும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“கண்ணு அன்னைக்குத் தண்ணியத்தான் கேட்டுச்சு, ஏட்டி. அவியகிட்ட சொல்லிராத. தாங்க மாட்டாவ.”

அந்த வாரந்தான் சுந்தரபாண்டியத்திலிருந்து கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தொட்டி வேலைக்கு வந்திருந்தாள். மாமா அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது: “கண்ணுல பட்டா மட்டும் தண்ணி ஊத்திராத, தாயி.” அத்தை என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. “குடிக்கவா?” என்று மாமா கேட்டார்.

“இல்ல. கண்ணுல பட்டா ஊத்துறதுக்கு. நெறைய ஊத்தணுமாம். ஆஸ்பத்திரில அப்படித்தான் செய்தாவளாம்.”

மாமா அவளுடைய மூடிய கண்ணையே பார்த்தார். “அன்னைக்கு…” என்று தொடங்கினார்.

“அன்னைக்கு நமக்குத் தெரியாதுல்லா” என்று அத்தை முடித்துவிட்டாள்.

அவர் அந்தப் பிள்ளைக்காரியைக் கூப்பிட்டு, “நான் சொன்னது தப்பு தாயி, தண்ணிதான் ஊத்தணும்” என்றார். அதன்பிறகு சூளை இருந்தவரைக்கும் அந்தச் செம்பையும் பக்கத்தில் ஒரு பெரிய குடத்தையும் அவரே நிரப்பி வைத்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. இன்னொன்றும் மாறிப்போயிற்று. சாப்பிடும்போது அத்தைக்கு எதிரே உட்காரும் மனிதர், அன்றிலிருந்து அவளுக்கு இடப்பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவளால் பார்க்க முடியாது.

செம்பின் அடியில் சுண்ணாம்புக் கறை இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று மருமகள் சொல்கிறாள். போகும்தான். நான் தேய்க்க விடுவதில்லை.