மென்று பார்க்கும் செவெரின்

"புளிப்பு சரியா இருக்கு. உப்புதான் ஒரு கை கம்மி."

யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மாட்டுத் தொட்டிக்கு முன்னால் குந்தி, புளிக்கவைத்த மக்காச்சோளத் தட்டையில் ஒரு பிடி மென்றபடி செவெரின் சொன்னார். நான் பால் வாங்கப் போயிருந்தேன். என் பேத்தி பிறந்து பதினெட்டு நாள். அவள் அம்மாவுக்குப் பாலாடைக்கட்டி செய்து அனுப்புவது என் பொறுப்பு. பேத்தி கொட்டாவி விடும் அழகைச் சொல்ல வாயெடுத்தேன்.

"கொட்டாவி எல்லாப் புள்ளையும்தான் விடும்" என்று அவர் அடுத்த பிடியை எடுத்தார்.

மாட்டுக்குப் போடும் எதையும் மென்று பார்க்காமல் போடமாட்டார். புண்ணாக்கு, தவிடு, பீட்ரூட் சக்கை, எதுவானாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "இன்னும் நைசா அரைக்கணும்." கொட்டகை மூலையில் அவர் அப்பா காலத்து அரவை மில். "முழுசா போனது முழுசாத்தான் வரும்" என்பது அவருடைய வேதம். மாதா திருநாளில் கோவிலில் மந்திரித்த மூலிகைக் கொத்தை ஊரார் கன்று ஈன்ற பசுவுக்கு அப்படியே கொடுப்பார்கள். இவர் அதையும் மில்லில் விடுவார். சாமியார் முகம் சுளித்ததற்கு, "தூளானா மந்திரம் போயிடுமா சாமி?" என்று அவரையே மடக்கினார். நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட உறையை உடைத்துத் தூளாகத்தான் விழுங்குவார். பிறகு எரிச்சல் நிற்கவில்லை என்று டாக்டரைத் திட்டுவார்.

இந்த மனிதர் கையில்தான் கலினா சிக்கியது. அவர் மனைவி யாத்விகா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பசு. மூன்றாவது கன்று ஈன்றதிலிருந்து தீனி எடுக்காமல், அசைபோடாமல், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று மாட்டு டாக்டரம்மா ஒரு பை மருந்து கொடுத்தார். கடுகு அளவு மணிகள், மேலே கொழுப்புப் பூச்சு. பூச்சு இல்லாவிட்டால் மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் கிருமிகளே மருந்தைத் தின்று தீர்த்துவிடும், ஈரலுக்கு ஒன்றும் போய்ச் சேராது என்று விளக்கினார். இரண்டு வாரத்தில் தேறாவிட்டால் அடிமாட்டு லாரிதான் என்றும் சொன்னார். செவெரின் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காது மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் பால் வாங்கப் போன அன்று மருந்து தொடங்கிப் பத்தாவது நாள். கலினா இன்னும் இளைத்திருந்தது. பார்க்க வந்த டாக்டரம்மாவிடம் செவெரின் ஒரு டப்பாவைப் பெருமையாக நீட்டினார்.

"என்னய்யா இது மாவு?"

"உங்க மருந்துதாம்மா. மென்னு பாத்தேன், ருசியே வரல. மெழுகுவத்திய கடிச்ச மாதிரி இருந்துச்சு. மாட்டுக்கு எப்படிச் செரிக்கும்? அதான் நைசா அரைச்சுப் போடறேன்."

"அட கடவுளே! அது உடையக்கூடாதுன்னுதான பூச்சே பூசியிருக்கு? பத்து நாளா மாட்டுக்கா போட்டீங்க? கிருமிக்கு விருந்து வச்சிருக்கீங்க!"

"நல்ல மருந்துன்னா அரைச்சாலும் வேலை செய்யணும்" என்றார் செவெரின், கொஞ்சமும் கூசாமல்.

யாத்விகா நேரே மில்லுக்குப் போனாள். மில்லின் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி என் கையில் திணித்தாள். "அண்ணே, இது உங்க வீட்ல இருக்கட்டும். இந்த ஆளு அழுதாலும் குடுத்துடாதீங்க." டாக்டரம்மாவிடம் புதுப் பை ஒன்றும், இன்னும் பத்து நாள் தவணையும் கெஞ்சி வாங்கினாள். அந்த பெல்ட், பேத்திக்கு நான் செதுக்கிக்கொண்டிருக்கும் தொட்டிலுக்குள் கிடக்கிறது. செவெரின் இரண்டு முறை வந்து, குழந்தையைப் பற்றி விசாரிப்பதுபோல் அதையே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று தவணையின் கடைசி நாள். காலையில் போனேன். தொட்டி காலி. கலினா வைக்கோலில் படுத்து, கண்ணை மூடி, நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. யாத்விகா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செவெரின் மட்டும் மண்டியிட்டு, அசையும் அதன் தாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியே, மெல்லாத! டாக்டரம்மா சொன்னது காதுல விழல? அப்படியே முழுங்கு!"