மேட்டைப் பார்த்து நிற்கும் லாரி

"ஐயா, கோபம் வரும்போது உடம்புல எங்க தெரியுது?" என்று என்னைப் பார்த்து ஒரு பெண் கேட்டாள். சென்னையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, போர்ட் பிளேருக்குத் தெற்கே கச்சால் தீவின் ரப்பர் காட்டில் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டவன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. சுனாமி எங்கள் லைன் வீடுகளை வழித்துக்கொண்டு போன பிறகு, உடுத்திய துணியோடு போர்ட் பிளேர் வந்து கூலிக்கு சிமெண்டு குழைத்தேன். பிறகு சொந்தமாக ஹாலோ பிளாக் பட்டறை போட்டேன். இன்று வண்டூரிலிருந்து பெரார்கஞ்ச் வரை எந்தப் புது வீட்டுச் சுவரைத் தட்டினாலும் அது என் கல். இன்னொருவன் இப்படி எழுந்து நின்றிருந்தால் காட்டுங்கள்.

வண்டூரில் மாடி வீடு கட்டினேன். கடல் தெரிகிற மாதிரிதான் கட்டினேன். பயந்து ஓடி வந்தவன் என்று எவனும் பேசக் கூடாது. ஆனால் என் மனைவி அதன் வாசலைக்கூட மிதிக்கவில்லை. "கடல் கண்ணுல படுற வீட்டுல எனக்குச் சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டு, போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் மகளுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் போய் இருந்துகொண்டாள். மூன்று வருஷம்.

அவளுக்குக் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கரைக்குப் போனது நான், அவள், அவள் தங்கை. மேட்டில் ஏறி வந்தது நாங்கள் இருவர் மட்டும். அவள் பார்த்த தண்ணீரைத்தானே நானும் பார்த்தேன்? நான் மூலையில் உட்கார்ந்தேனா?

ஞாயிறு தவறாமல் குவார்ட்டர்ஸுக்குப் போய் "வீட்டுக்கு வா" என்று கத்துவேன். பக்கத்து பெங்காலி வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஒரு நாள் மகள் குறுக்கே நின்றாள்.

"அப்பா, இந்த மேடம்கிட்ட பேசுங்க. நீங்க பேசினாத்தான் உங்களோட வர்றதப் பத்தி யோசிப்பேன்னு அம்மா சொல்லிருச்சு."

"என்னா, பைத்தியக்கார டாக்டரா?"

"டாக்டர் இல்லப்பா, சோஷியல் ஒர்க்கர். ஆஸ்பத்திரியில மனசு ஒடிஞ்சு வர்றவங்ககிட்ட ரொம்ப வருஷமா பேசி அனுபவப்பட்டவங்க."

"பேசுறதெல்லாம் ஒரு வேலையா? நான் பேசுனா எவன் கூலி குடுக்குறான்?"

அடுப்படியிலிருந்து மனைவி குரல் வந்தது: "உங்க பேச்ச நிப்பாட்டத்தான் கூலி குடுக்கணும்."

அவள் வரவேண்டும் என்பதற்காக மகளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கோபம் எங்கே தெரிகிறது என்றதற்குக் கழுத்தில் என்றேன். அடுத்த வாரமும் உட்கார்ந்து, பட்டறை, லாரி, மாடி வீடு என்று என் பெருமையைச் சொன்னேன். அந்த அம்மா எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "வீட்டப் பத்தி நிறைய சொன்னீங்க. அங்க காலையில எந்திரிச்சா முதல்ல எதப் பாப்பீங்க?"

இது ஒரு கேள்வியா? "ஏன், சுவத்தப் பாப்பேன்!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து அவள் முகம் பாதிக் கண் மூடியபடி அப்படியே நின்றுவிட்டது.

அந்த நாளில் எங்கள் தீவுக்கு நெட் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். மேகம் கூடினால் படம் நிற்கும். படம் நின்றால் ஆள் போயாச்சு என்று அர்த்தம். மெயின்லேண்ட் சொந்தக்காரனோடு பேசும்போது அப்படி நின்றால், முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத் திட்டித் தீர்ப்போம். தீவில் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன்.

"ஹலோ! கட் ஹோ கயா, லைன் போச்சு. போ, போ. கேக்குறா பாரு கேள்வி! காலையில எந்திரிச்சா ஸ்டியரிங்கப் பாக்குறேன்டி! அந்த வீட்டுல ஒரு நாளு படுத்திருக்கனா நான்? லாரிய மேட்டப் பாத்து நிறுத்தி, சாவிய அதுலயே போட்டு, சீட்டுல சுருண்டு கெடக்குறேன். பட்டறைக்குக் காவல்னு ஊருக்குச் சொல்லி வச்சிருக்கேன். எவன்டா ஹாலோ பிளாக்கத் திருடுவான்?"

பாதிக் கண் மூடிய படம் பேசியது: "ஐயா, நான் இங்கதான் இருக்கேன். படம்தான் நின்னுருச்சு, சத்தம் கேக்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை மேட்டிலிருந்து உருட்டி விட்டிருப்பேன். "சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஒளிஞ்சு கேக்குறதுதான் உங்க படிப்பா?"

"குறுக்க பேசியிருக்கணும், பேசல. மன்னிச்சிருங்க. எனக்குன்னு நெனச்சு நீங்க சொன்னதில்ல. வேணாம்னா இத நான் மறுபடி எடுக்கவே மாட்டேன்."

பதில் சொல்லத் திரும்பினால், அடுப்படி வாசலில் ஈரக் கையோடு மனைவி நிற்கிறாள்.

"டீசல் இருக்கா?" என்று கேட்டாள்.

"அரை டேங்குக்குக் கீழ விடமாட்டேன்."

"மூணு வருஷமா நான் ஒருத்திதான் பயந்தாங்கொள்ளின்னு இந்தக் காலனி கேக்கக் கத்துனீங்களே, மனுசா!"

அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பெங்காலி வீட்டில் இந்தத் தடவை ஜன்னலைத் திறந்தார்கள். எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? இவரு கத்த ஆரம்பிச்சா நீங்க படத்த நிப்பாட்டிருங்க. அப்பத்தான் உண்மை வருது."

அந்த அம்மா சிரித்தாள். என்னை வைத்துச் சிரித்தாள். பிறகு எங்கள் இருவரிடமும் பேசினாள்; பல வாரம் பேசினாள். தண்ணீரில் போன தங்கச்சி பெயரை என் மனைவி அங்கேதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். நான் பெரும்பாலும் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வண்டூர் வீட்டை டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அவர்களுக்குக் கடல் வேண்டுமாம், பார்க்கட்டும். பெரார்கஞ்ச்சில் வயலைப் பார்த்தபடி என் கல்லிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டினேன். அவள் வந்துவிட்டாள். லாரி வாசலில் மேட்டைப் பார்த்துத்தான் நிற்கிறது. அவசரத்தில் என்றாவது பள்ளத்தைப் பார்த்து நிறுத்திவிட்டால், வாசலுக்கு வந்து, தெருவே கேட்க அவள் என்னைப் பார்த்துக் கத்துகிறாள்.