ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்த டேட்டா

ஓமலூரில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரை அணைக்காமல் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். அவர் திரும்புவதற்குள் அது தானாகவே எதையெதையோ இறக்கி, டேட்டா மொத்தத்தையும் குடித்துவிட்டதாம். லேத் பட்டறை தீனதயாளன், தன் மருமகளின் அண்ணன் சொன்னதாக டீக்கடையில் சொன்னார். தண்டாயுதபாணி அன்றே வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் வயரையும், சிம் போட்ட இன்டர்நெட் பெட்டியின் வயரையும் பிடுங்கி வைத்தார்.

முப்பது வருடம் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் போய், வடக்கே ஊர் ஊராக போர்வெல் போட்டவர். மனைவி போனபின் வீட்டில் அவரும் அந்தக் கம்ப்யூட்டரும்தான். மகன் ஆனந்தகுமார் கனடா போகுமுன் வாங்கி வைத்தது. ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு அதில் முகம் காட்டுவான். அவருடைய பட்டன் போனுக்கும் கூப்பிடலாம்தான். கூப்பிட்டதில்லை.

தினமும் ஒன்றரை ஜிபி. வாரம் ஒருமுறை வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தே பழகியவர், ஆறு நாள் தொடாமல் வைத்தால் ஏழாம் நாளுக்குச் சேரும் என்று கணக்குப் போட்டார். ஞாயிறு ஏழுக்குப் பத்து நிமிடம் முன்புதான் வயரைச் சொருகுவார்.

மூன்று வாரமாக அந்தக் கணக்கு உதைத்தது. மகன் முகம் வரும், சற்று நேரத்தில் உறைந்துவிடும். போன ஞாயிறு, "அப்பா, ஒரு விசயம் சொல்லோணும். தை மாசம் நாங்க..." என்றதோடு நின்றது. வருகிறார்களா, வரவில்லையா? திறந்த வாய் அசையும் என்று திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்பிங் கடை வைத்திருக்கும் ரஞ்சிதாவிடம் போய்ச் சொன்னார். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்ண்ணா, பூட்டி வெச்சா சேர்றதுக்கு அதென்ன தண்ணித் தொட்டியா? அன்னன்னிக்கு மிச்சம் ராத்திரி பன்னெண்டு மணியோட போச்சுங்க."

"அப்பறம் ஞாயித்துக்கெழம எவன் குடிக்கறான் அம்மிணி?"

"உங்க மிசினேதானுங்க! ஆறு நாள் அப்டேட்டு வாசல்ல காத்துக் கெடக்குது. நீங்க தொறந்ததும் உள்ள பூந்துருது."

கடையைச் சாத்திவிட்டுப் போகிற வழியில் அவர் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் செட்டிங்கில் எங்கோ நுழைந்து ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டாள். "மீட்டர் போட்டாச்சுங்க. இனி உங்களக் கேக்காம எறங்காது. அதுக்குன்னு அப்டேட்டே வேண்டாம்னு உட்றாதீங்க. வார நாள்ல நீங்களே டவுன்லோடு அமுக்கி எறக்கிப்போடுங்க. ஞாயித்துக்கெழம மட்டும் கைய வெச்சுறாதீங்க."

செவ்வாயிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு சதவீதம். இருபது. முப்பத்தேழில் கரும்பாறையில் மாட்டிய துளை போடும் பிட் மாதிரி அரை மணி நேரம் அசையவில்லை. "எறங்கு சாமி" என்றார். அன்றைய டேட்டா தீர்ந்தது. புதன்கிழமை விட்ட இடத்திலிருந்து மறுபடி. ஒன்று முடிந்தால் அடுத்தது வரிசையில் நின்றது. சனிக்கிழமை எல்லாம் முடிந்து மிஷின் அணைந்து எழுந்தது. அது எழும்வரை அவர் எழவில்லை.

டீக்கடைக்குப் போய், "முடிச்சுட்டனுங்க" என்றார்.

"எதைங்க?" என்றார் தீனதயாளன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஒண்ணுமில்லீங்க" என்று டீயைக் குடித்தார்.

ஞாயிறு. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். ஒன்றரை ஜிபியும் அப்படியே இருந்தது. ஏழு மணி. ஏழு பத்து. ஏழரை. அங்கே காலை நேரம், இன்னும் தூங்கிக்கொண்டிருப்பான். லாரி காட்டுக்குள் மாட்டியபோது அவரும் எத்தனையோ ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிடாமல் இருந்திருக்கிறார். அப்போது மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டதே இல்லை.

முதல் தடவையாக அவரே மகனைக் கூப்பிடும் பொத்தானை அமுக்கினார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அமுக்கினார். திரையின் மூலையில் அவருடைய முகம் மட்டும் உறையாமல், ஒரு புள்ளி கலங்காமல் தெரிந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது.