மாதாவுக்குப் போட்ட பலகை

பிலோமினாவுக்குச் சக்கர நாற்காலி கொடுத்ததைப் பற்றி இதே பத்தியில் நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கலாம். படத்தோடு வந்தது. ஒரு பக்கம் பாதர், மறு பக்கம் நான் — இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு திருப்தி! நடுவில் இருந்தவளின் முகத்தை யார் பார்த்தது?

போன சனிக்கிழமைதான் பார்த்தேன்.

தலைமன்னாரில் எங்கள் மாதா கோவிலுக்கு இரண்டு வீடு தள்ளி அவள் வீடு. பஸ் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே இயங்காமல் போய் இரண்டு வருடம். மறுநாள் அவளுடைய மகள் ஷெரினுக்கு முதல் நன்மை. பிள்ளை முதல் தடவையாக நற்கருணை வாங்கும்போது, தாயும் தகப்பனும் பக்கத்தில் நின்று பீடம்வரை கூட்டிக்கொண்டு போவது எங்கள் ஊர் வழக்கம். அதற்காகவே புதுச் சேலை எடுப்பார்கள்.

பங்குச் சபைச் செயலாளர் அல்லவா நான்? நல்ல செய்தி சொல்லத்தான் போனேன்.

"தங்கச்சி, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பூசை முடிஞ்ச கையோட பாதரே உங்களுக்கு நன்மை கொண்டு வீட்ட வருவார். வீடியோக்காரரையும் கூட்டியாறம்."

நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அண்ணை, நான் படுக்கையில கிடக்கிற வருத்தக்காரி இல்லை. எனக்குக் கால்தான் ஏலாது. பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நான் பீடத்துக்குப் போகவேணும்."

"படி இருக்கே... வேணுமெண்டால் நாலு பேர் கதிரையோட தூக்குவினம்."

"நாலு பேர் தூக்கிறதுக்கு நான் இன்னும் சாகேல்லை!"

பார்வையைத் திருப்பினேன். மூலையில் நாங்கள் கொடுத்த நாற்காலி. அதன் மேல் மடித்த உடுப்புகள். சக்கரத்தில் ஒரு பொட்டு மணல்கூட இல்லை. எப்படி இருக்கும்? அவளுடைய வாசலிலிருந்து கோவில் படிவரை கணுக்கால் புதையும் மணல்.

"கதிரை தந்தனீங்கள், பெரிய உதவி. ஆனா எங்க போகவேணும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே, அண்ணை?"

கேட்கவில்லைதான். அடையாள அட்டை கேட்டோம். கையெழுத்துக் கேட்டோம். படத்துக்குக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லிக் கேட்டோம். கொடுத்த கையோடு நம் வேலை முடிந்துவிடுகிறது... அந்த ஆள் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று யார் பார்க்கிறோம்?

அடுத்து அவள் கேட்டதுதான் என்னைக் கொன்றது.

"திருவிழாவுக்கு மாதாவின்ர வண்டிலை எப்பிடி அண்ணை படியால இறக்கிறனீங்கள்?"

பலகை போட்டு! படியில் சாய்வாகப் பலகை, மணலில் வரிசையாகப் பலகை — வண்டிலில் நிற்கும் மாதா சொரூபம் ஆடக்கூடாதே! "மெல்ல, மெல்ல" என்று கத்திக்கொண்டு அந்த வண்டிலுக்கு முன்னால் நடப்பவன் நான். திருவிழா முடிந்ததும் பலகைகளைத் துடைத்துக் கோவில் பின்னறையில் பூட்டுபவனும் நான். அந்தப் பூட்டின் திறப்பு அப்போதும் என் சட்டைப் பையில்தான் கிடந்தது. விபத்துக்குப் பிறகு வந்த இரண்டு திருவிழாவுக்கும் அவளுடைய வாசல் படலையைத் தாண்டித்தான் அந்த வண்டில் போனது. சீ, என்ன மனுஷன் நான்! வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன்.

ஞாயிறு காலை பலகை போட்டோம். அரை மணி நேர வேலை. இரண்டு வருடத்தில் அந்த அரை மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை, பாருங்கள்.

பிலோமினா மயில் நீலச் சேலையில் வந்தாள். பின்னால் புருஷன் தள்ள, வெள்ளை உடுப்பில் ஷெரின் தாயின் கையைப் பிடித்தபடி. நான் பழக்க தோஷத்தில் முன்னால் ஓடிப்போய், "மெல்ல, மெல்ல" என்று தொடங்கிவிட்டேன்.

"அண்ணை, நான் சொரூபமில்லை, உடையமாட்டன். கொஞ்சம் விலகுங்கோ."

விலகினேன்.

இந்த வாரம் பத்தியோடு படம் இல்லை — அந்த நேரத்து என் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டாம்.